அந்தப் பாட்டிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில், பேத்திக்குத் துணிச்சலையும் சமயோசிதத்தையும் சொல்லிக்கொடுக்கும் பாட்டியைப் பற்றிய படப் புத்தகத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். படங்கள் பிடித்துப்போய் என் மகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். ஆனால் மதிப்புரையின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. "இப்படிப்பட்ட பாட்டிகளை இனிப் புத்தகத்தில்தான் பார்க்கலாம், நிஜப் பாட்டிகள் டிவி சீரியல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று மதிப்புரையாளர் எழுதியிருந்தார்.

எந்த ஊர்ப் பாட்டிகளைப் பார்த்து எழுதினார் என்று தெரியவில்லை. எங்கள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் கரைக்கு ஒருநாள் விடிகாலையில் வரட்டும். தலை நரைத்த பெண்கள் சேலைக்கு மேல் பழைய சட்டையை மாட்டி, ஒவ்வொரு விரலுக்கும் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடல்பாசி எடுக்கக் கிளம்புவார்கள். மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து எடுக்க வேண்டும். துணி சுற்றியும் விரல் கிழியும். சாயங்காலம் அவர்கள் சீரியல் பார்ப்பார்கள்தான். அதில் என்ன குற்றம்?

என் அப்பத்தாவும் பாசிக்குப் போனவர். முழங்கால் தண்ணீரில் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், "காலைத் தூக்கி வைக்காதே, மண்ணைத் தேய்ச்சு நட" என்பது. மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். மிதித்தால் வால்முள்ளால் குத்திவிடும். தேய்த்து நடந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகிப் போகும். அப்புறம் நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம். இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து முட்டி மோதி நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கிவிட்டு, இழுப்புக்குக் குறுக்கே நீந்தி வெளியே வர வேண்டும். மல்லாந்து மிதக்கப் பழக்கும்போது முதுகைத் தாங்கியிருந்த கையைச் சொல்லாமலே எடுத்துவிட்டார். நான் அலறினேன். "அலறு. வாயை வானத்தைப் பாத்து வச்சுக்கிட்டு அலறு" என்றார். தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகிழக்குக் காற்றான வாடைக்கு வடகடல் ஆகாது என்பதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததில்லை. இதற்கெல்லாம் துணிச்சல், சமயோசிதம் என்று பெயர் இல்லையா ஐயா?

இந்த ஒரு வரிக்காக மட்டும் எழுதவில்லை. முன்பு தனுஷ்கோடி பற்றி ஒரு கட்டுரை போட்டீர்கள். தலைப்பிலேயே 'பேய் நகரம்'. எங்கே நின்றால் போட்டோ நன்றாக வரும் என்று தனிக் குறிப்பு வேறு. 1964 டிசம்பர் 22 இரவு அங்கே என்ன நடந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. பயணிகளோடு ரயிலே கடலுக்குள் போன இரவு. அப்பத்தா அந்த ஊரில் பிறந்தவர். மணல்மேட்டில் குழந்தையை இடுப்போடு கட்டிக்கொண்டு விடியும்வரை கிடந்தவர். அவர் பிறந்த ஊரைப் பேய் நகரம் என்று அச்சில் பார்க்கும்போது எங்களுக்கு எப்படி இருக்கும்?

எங்கள் மாவட்டத்துக்குத் 'தண்ணியில்லாக் காடு' என்று ஒரு பெயர் இருக்கிறது. தண்டனை மாறுதல் என்றால் இங்கேதான். உங்கள் இதழிலும் மீனவர் கைதானால் செய்தி, புயல் வந்தால் செய்தி, அதோடு சரி. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, காலங்காலமாகப் போய்வந்த தீவுக்கரையில் எங்கள் பெண்கள் திருடிகளைப் போல விரட்டப்பட்டார்கள். அந்தப் பெண்கள்தான் மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்துப் பாசிப் பெண் ஒருவர் 2015இல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது வாங்கி வந்தார். அதை உங்கள் இதழில் நான் படித்ததாக நினைவில்லை. சிறுவர் பகுதியில் தாத்தா பாட்டி வந்தால் வயலும் ஆலமரமும்தான். கடல் வந்தால் டால்பின்தான் வரும், மனுஷர் வரமாட்டார்கள்.

மதிப்புரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவர் புத்தகத்தை ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் புத்தகத்தின் விலையும் பதிப்பகத்தின் முகவரியும் அதில் இல்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் இதெல்லாம் கிடைக்காது. கிளை நூலகத்தில் கேட்டாலும் வரவில்லை என்கிறார்கள். அடுத்த இதழில் அந்த இரண்டு விவரங்களை மட்டும் வெளியிட்டால், மணியார்டர் அனுப்பி வாங்கிக்கொள்வேன். மகள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.