நிலா ஏன் கூடவே வருகிறது? தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரவில் வண்டியில் வரும்போது, "நிலா ஏன் நம் கூடவே வருகிறது?" என்று உன் மகள் கேட்டதையும், "அது அப்படித்தான் வரும், பேசாமல் உட்கார்" என்று நீ சொன்னதையும், அதன் பிறகு அவள் எதுவும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் எழுதியிருந்தாய். குழந்தையை அதட்டியதைவிட, அந்தக் கேள்வி உன்னை ஒரு கணம்கூட நிறுத்தவில்லை என்பதுதான் உன்னை உறுத்துகிறது என்று எனக்குப் புரிகிறது. "எல்லாம் பழகிப்போய்விட்டது அக்கா. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எதைப் பார்த்து வியப்பது, எதைப் புதிதாகப் படிப்பது?" என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்த விடையை எழுதுகிறேன்.

பழகிப்போவது உன் குறையன்று. கண்ணின் இயல்பே அதுதான். டிராக்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804ஆம் ஆண்டில் இதை விவரித்தார். ஒரு புள்ளியை அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், பார்வையின் ஓரங்களில் உள்ள மங்கலான நிறங்கள் சில நொடிகளில் மறைந்துவிடும். மாறாமல் இருப்பதைக் கவனிப்பதை நம் பார்வைப் புலன் நிறுத்திக்கொள்கிறது. நாம் அறியாமலே விழிகள் மிக நுண்ணிய அசைவுகளைச் செய்துகொண்டிருப்பதால்தான் கண்முன் உள்ள உலகம் அப்படி மறைந்துவிடாமல் நிற்கிறது. மறைந்த நிறத்தைத் திரும்பப் பெறப் புதுப் படம் ஒன்றும் தேவையில்லை. கண்ணை இம்மியளவு நகர்த்தினால் போதும்.

நம் பழைய இலக்கணம் வியப்பை மருட்கை என்று பெயரிட்டு, அது பிறக்கும் இடங்களை நான்காகப் பிரித்தது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று வேறொன்றாய் மாறுவது என்று இவற்றை விளங்கிக்கொள்ளலாம். நாம் பெரும்பாலும் முதல் இரண்டை மட்டுமே தேடி அலைகிறோம். அவற்றுக்கு விடுமுறையும் பணமும் வேண்டும். சிறுமையும் ஆக்கமும் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன.

மைக்கேல் ஃபாரடேயை நினைத்துப் பார். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்து, தைப்பதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர் அவர். மின்னாக்கியின் அடிப்படையையே கண்டறிந்து பெரும்புகழ் பெற்ற பிறகு, 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, தம் அறுபத்தொன்பதாம் வயதில், லண்டனில் சிறுவர்கள் முன் நின்று ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறும் ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவை. எரியும் மெழுகுவத்தியை மெதுவாக ஊதி அணைத்துவிட்டு, எழும் வெண்புகையில் ஒரு தீக்குச்சியைக் காட்டிப் பார். சுடர் புகை வழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திட மெழுகு அன்று, அதன் ஆவி என்பதை அந்த ஒரு தாவல் காட்டிவிடுகிறது. மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியாகி, எரிந்து, நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் காற்றில் கலக்கிறது. அந்த மஞ்சள் ஒளி, சுடருக்குள் வெந்து ஒளிரும் கரித்துகள்களிடமிருந்து வருகிறது. நம் உடலுக்குள்ளும் இதற்கு ஒப்பான ஓர் எரிதல் நடக்கிறது, நாம் மூச்சு விடுவது அதனால்தான் என்று ஃபாரடே தம் கடைசிச் சொற்பொழிவில் சொன்னார்.

அந்த எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைச் சுமந்து செல்பவை சிவப்பணுக்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் உழைத்து ஓய்கிறது. ஓய்ந்தவற்றை ஈடுசெய்ய, நம் எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய அணுக்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிடுகிறது.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள், நினைவிருக்கிறதா? மருத்துவருக்கும் செவிலியருக்கும் நாம் கைகூப்பினோம். அத்தோடு நன்றி சொல்லி முடித்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, வேறு எதையோ தேடும்போது, இரத்த வகைகளின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைப்பதும் சிலர் இறப்பதும் ஏன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் மருத்துவர் தம் இரத்தத்தையும் உடன் பணியாற்றியோர் இரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, எவை ஒத்துப்போகின்றன, எவை திரிந்து கட்டியாகின்றன என்று குறித்து, 1901இல் மூன்று வகைகளை வெளியிட்டார். நான்காவது அடுத்த ஆண்டு தெரியவந்தது. 1914இல் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பதைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே, கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருக்க வேண்டிய நிலை மாறியது. அம்மாவின் கட்டிலருகே தொங்கிய அந்தப் பைக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றிருந்தார்கள். யாரென்றே தெரியாத இருவரின் அணுக்கள் பல வாரங்கள் அம்மாவின் உடலுக்குள் உழைத்திருக்கின்றன. இது தெரிந்த இரவில் நான் அழுதேன்.

தமிழில் இந்த உணர்வை நன்றியறிதல் என்கிறோம். அறிதல் என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. செய்யப்பட்ட நன்மை எவ்வளவு பெரிது, அது யார் யார் கைவழியாக வந்தது என்பதை அறியாதவரை, நம் நன்றி வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. படிப்பையும் நன்றியையும் நான் தனித்தனியாகப் பார்க்காதது இதனால்தான்.

நன்றிக் குறிப்பேடு எழுதிப் பார்த்து விட்டுவிட்டதாகச் சொன்னாய். வாராவாரம் நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தம் வாழ்வைக் குறித்து நிறைவாக உணர்ந்ததாக எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் "குடும்பம், உடல்நலம், வேலை" என்று நாள்தோறும் அதே சொற்களை எழுதினால், டிராக்ஸ்லரின் நிறங்கள் போல அவையும் மறைந்துவிடும். வாரத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்; மூக்குக்கண்ணாடியோ, சோப்போ, எதுவாயினும் சரி; அது எங்கிருந்து வந்தது என்று போகும் தூரம்வரை பின்னால் போய்ப் பார். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் 52 பேரை வாரம் ஒருமுறை 15 நிமிடம் என எட்டு வாரங்கள் நடக்கச் சொன்னார்கள். அவர்களுள் ஒரு பாதிப் பேரிடம், சுற்றியுள்ளவற்றைக் குழந்தையின் கண்ணோடு பார்க்கச் சொன்னார்கள். இந்தப் பாதிப் பேர் நடையின்போது எடுத்துக்கொண்ட தற்படங்களில், வாரம் செல்லச் செல்ல அவர்கள் உருவம் சிறிதாகி, பின்னணி விரிந்துகொண்டே போனது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

வயதைப் பற்றிய உன் கவலையையும் விட்டுவிடு. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் பயின்று தேறியவர்களின் மூளையில், நினைவுக்குத் துணைநிற்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி வளர்ந்திருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் எல்லாருமே வளர்ந்த மனிதர்கள்.

இனி நிலாவுக்கு வருகிறேன். அது ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நீங்கள் பத்துக் கிலோமீட்டர் சென்றாலும் அதை நோக்கும் திசை கண்ணுக்குத் தெரியுமளவு மாறுவதில்லை. அருகிலுள்ள மரங்களோ நொடியில் பின்னால் போய்விடுகின்றன; போகாமல் நிற்பது நம்மோடு வருவதாகத் தோன்றுகிறது. ஆனால் அவளிடம் இதை முதலில் சொல்லிவிடாதே. அடுத்த நிலா இரவில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, சாலையோர மரம், தொலைவிலுள்ள விளக்கு, நிலா ஆகியவற்றுள் எது மிக வேகமாகப் பின்னால் போகிறது என்று கேள். அவள் என்ன சொன்னாள், அதன் பிறகு என்ன கேட்டாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா