பின்னணி வானத்துக்கும் நேரம் வேண்டும்: தொலைநோக்கி நேர ஒதுக்கீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்துக்கான ஒதுக்கீட்டு முடிவு கிடைத்தது. சிக்னஸ் (அன்னம்) விண்மீன் குழுவின் பகுதியை நோக்குவதற்கு நாங்கள் கேட்ட நேரத்தை அளித்திருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அதனுடன் கேட்டிருந்த பின்னணி நோக்கலுக்கான, அதாவது ஒப்பிட்டுக் கழிப்பதற்காகக் காமா கதிர் மூலம் இல்லாத வானை நோக்குவதற்கான, நேரம் முழுவதையும் "அறிவியல் இலக்கு ஏதுமற்ற வானம்" என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் நீக்கிவிட்டீர்கள். விளக்கம் கேட்டு எழுதியதற்கும் விதிமுறையைச் சுட்டிய பதிலே வந்தது. ஆகவே இதைத் திறந்த மடலாக எழுத வேண்டியதாயிற்று.

காமா கதிர்கள் காற்றில் எழுப்பும் மெல்லிய ஒளிமின்னலைப் படம்பிடிக்கும் செரன்கோவ் தொலைநோக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்றுமண்டலத்தில் ஒரு காமா கதிர் உண்டாக்கும் துகள் பொழிவு ஒன்றுக்கு, விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களான அண்டக் கதிர்கள் உண்டாக்கும் பொழிவுகள் ஆயிரத்துக்கும் மேல். படத்தின் வடிவத்தைக் கொண்டு அவற்றுள் பெரும்பாலானவற்றை வடிகட்டிவிடலாம். எஞ்சுவதைக் கழித்தே ஆக வேண்டும். நண்டு நெபுலாவைப் போலச் சிறிய மூலமென்றால் அதே பார்வைப் புலத்தின் வேறொரு மூலையை எடுத்துக் கழித்துவிடலாம். நாங்கள் நோக்கும் சிக்னஸ் கூடு அப்படிப்பட்டதன்று. 2011இல் ஃபெர்மி காமா கதிர் விண்கலத்தின் தரவில் கண்டறியப்பட்ட அந்த ஒளிர்வு, வானில் பல பாகை அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. நம் கேமராவின் பார்வைப் புலமும் சில பாகைகள்தாம். எந்த மூலையை எடுத்தாலும் அது மூலத்தின் மீதே விழுகிறது. தேடுகிற சமிக்ஞையின் ஒரு பகுதியையே பின்னணி என்று சொல்லி நாங்கள் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

முன்பு எடுத்த தரவிலிருந்து பின்னணியை இரண்டு விதமாகக் கழித்து, மையத்திலிருந்து வெளிநோக்கி ஒளிர்வு எப்படிக் குறைகிறது என்று வரைந்து பார்த்தேன். மையத்தருகே இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. சற்று வெளியே போனதும் பிரிந்துவிட்டன: ஒன்று மெல்லச் சரிந்துகொண்டே போனது, மற்றது சட்டென்று சுழியில் போய் ஒட்டிக்கொண்டது. வானம் ஒன்றுதான், தரவும் ஒன்றுதான். எந்தக் கோட்டை நம்புவது என்று தீர்மானிக்க, அதே உயரக் கோணத்தில், அதே இரவில், மூலமில்லாத வானை நோக்கி எடுத்த தரவு வேண்டும். நீங்கள் நீக்கியது அந்தத் தரவைத்தான்.

இது நுணுக்கம் பற்றிய வீண் பிடிவாதம் அன்று. அண்டக் கதிர்களை முடுக்குவது எது என்ற கேள்விக்கான விடை அந்த மங்கலான விளிம்பில்தான் இருக்கிறது. இளம் விண்மீன் கொத்து ஒன்று, நொடிக்கு 2,000 முதல் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் தன் விண்மீன் காற்றுகளின் அதிர்ச்சி அலைகளில் புரோட்டான்களைப் பல லட்சம் ஆண்டுகளாக இடைவிடாமல் முடுக்கி வெளியேற்றி வந்திருந்தால், அவற்றின் அடர்த்தி தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைய வேண்டும். என்றோ நிகழ்ந்த ஒரே வெடிப்பு அவற்றை உமிழ்ந்திருந்தால், குறிப்பிட்ட தூரம்வரை அடர்த்தி ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். 2019இல் வெளியான ஆய்வு, சிக்னஸ் கூட்டின் திசையிலுள்ள சிக்னஸ் ஓபி2, வேறொரு திசையிலுள்ள வெஸ்டர்லண்ட் 1 ஆகிய கொத்துகளைச் சுற்றி முதல் வகைச் சரிவையே கண்டதாகச் சொன்னது. அதை உறுதிப்படுத்துவதற்கும் மறுப்பதற்கும் விளிம்பைச் சரியாக அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறி அண்டக் கதிர்களைக் கண்டறிந்தார். அவை எங்கே முடுக்கப்படுகின்றன என்ற கேள்வி இன்றும் முழுமையாகத் தீரவில்லை. சூப்பர்நோவா எச்சங்களில் புரோட்டான்கள் முடுக்கப்படுவதற்கான தெளிவான தடயத்தை, ஐசி 443, டபிள்யூ44 ஆகிய இரண்டிலும் ஃபெர்மி 2013இல் காட்டியது. ஆனால் சில பீட்டா எலக்ட்ரான் வோல்ட் (பீட்டா என்பது ஆயிரம் டெரா; டெரா என்பது லட்சம் கோடி) ஆற்றல்வரை அவற்றால் எட்ட முடிகிறதா என்பது ஐயமாகவே இருக்கிறது. மறுபுறம், 2021இல் சீனாவின் லாசோ ஆய்வகம் சிக்னஸ் திசையிலிருந்து 1.4 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் ஒன்றைப் பதிவு செய்தது. தாய்ப் புரோட்டானின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் காமா கதிருக்குக் கிடைக்கும் என்பதால், அது புரோட்டானிலிருந்து பிறந்திருந்தால், அங்கே பத்து பீட்டா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய புரோட்டான்கள் இருந்தாக வேண்டும்.

"பரந்த மூலங்களை லாசோவும் ஹாக்கும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று உங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். லாசோவும், அதைப்போல மெக்சிகோவில் உள்ள ஹாக்கும் வானின் பெரும்பகுதியை ஒருசேரப் பார்ப்பவை என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டின் திசையிலேயே ஒரு பல்சரும் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்), ஹெக்ரா தொலைநோக்கிக் குழு 2002இல் அறிவித்த டெரா எலக்ட்ரான் வோல்ட் மூலமும், காமா சிக்னி சூப்பர்நோவா எச்சமும் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் கூர்மை நம் வகைத் தொலைநோக்கிகளுக்குத்தான் உண்டு. பழைய தரவிலிருந்து உருவாக்கிய பின்னணி மாதிரியே போதும் என்பது மற்றொருவரின் வாதம். அந்த மாதிரிகளும், பால்வழியின் தளத்துக்கு அப்பால், மூலமற்ற வானை நோக்கி யாரோ பொறுமையாக எடுத்த தரவிலிருந்து பிறந்தவைதாம். இருண்ட வானில் எடுத்த அந்த அளவீட்டை, பால்வழியின் ஒளி நிறைந்த சிக்னஸுக்கு அப்படியே பொருத்தினால் வரும் சிறு பிழையே, நாங்கள் தேடும் விளிம்பொளியை விழுங்கப் போதுமானது.

மணி நேரத்துக்கு எவ்வளவு முனைப்பான கண்டுபிடிப்பு என்று மதிப்பெண் போடும் உங்கள் முறை புள்ளி மூலங்களுக்கே சாதகமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரந்த, மங்கலான, கடினமான மூலங்கள் பருவந்தோறும் பட்டியலின் அடியில் தங்குகின்றன. அவற்றில் முனைவர் பட்டத்துக்கு உழைக்க வந்த மாணவர்கள் எளிய மூலங்களுக்கு மாறிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது எளிதில் பளிச்சிடுமோ அதை மட்டும் அளக்கச் சொல்வது ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழகன்று. இது என் கோரிக்கையின் எல்லையைத் தாண்டிய பேச்சு என்பதை அறிவேன், பொறுத்தருள வேண்டும்.

கோரிக்கை இதுதான். சிக்னஸ் நோக்கலின் ஒவ்வொரு அரை மணித் தவணைக்கும் இணையாக, அதே இரவில், அதே உயரக் கோணத்தில், இயன்றவரை ஒத்த வான் ஒளியுள்ள திசையில் ஒரு பின்னணித் தவணையை ஒதுக்குங்கள். கூடுதல் நேரம் இல்லையென்றால், அளித்த இலக்கு நேரத்திலேயே பாதியைப் பின்னணிக்கு மாற்றிக்கொள்ளவாவது அனுமதியுங்கள். பாதி நேரத்தில் நம்பத்தக்க அளவீடு, முழு நேரத்தில் நம்ப முடியாத படத்தைவிட எங்களுக்குப் பயன்படும். அந்தப் பின்னணித் தரவை, பரந்த மூலங்களை ஆராயும் எல்லாக் குழுக்களுக்கும் உடனே பொதுவில் தர நாங்கள் எழுத்து மூலம் உறுதியளிக்கிறோம். நிலவில்லா இரவுகளின் அட்டவணை இறுதியாவதற்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்மீன் கொத்துகளின் காமா கதிர்களை ஆராயும் ஒருவர்