அந்த ஒரு படுக்கை யாருக்கு என்பதை இப்போதே எழுதி வையுங்கள்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2021 மே மாதம் ஒரு மாவட்டத்தில் ஆக்சிஜன் வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். அந்த மாதம் மாநிலத்தின் ஒரு நாள் கொரோனா தொற்று 36,000-ஐத் தாண்டியது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதைத் தமிழ்நாடே பார்த்தது. எங்கள் ஊர் வாசலிலும் நின்றன. அந்த நாட்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்துக்காக உங்களுக்கு எழுதுகிறேன்: தேவைப்படுகிறவர் இருவர், படுக்கை ஒன்று என்றால் அது யாருக்கு என்று ஒரு விதி வேண்டும்.

ஒரு நாள் பின்னிரவு இரண்டே முக்காலுக்கு, மூக்கு வழியே மிக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி இருந்த படுக்கை ஒன்று காலியானது. காலியானது என்றால், அதில் இருந்தவர் இறந்துபோனார். உடலை மூடிக் கட்டுவதற்குள்ளேயே அடுத்தவர் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. வராந்தாவில் தரையில் பாய் போட்டு ஓர் அம்மாள் படுத்திருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 108 வருவதற்கே நாலு மணி நேரம் காத்திருந்து வந்தவர். அவர் பக்கத்தில் ஒரு ஜம்போ சிலிண்டர். அவருடைய மகனே சாவியைத் திருகத் தெரிந்துகொண்டு, ஈரப்பதப் புட்டியில் குமிழி வருகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். குமிழி குறைந்தால் என்னைத் தேடி ஓடி வருவான். உள்ளே இன்னொருவர், நாற்பது வயது ஒப்பந்தக்காரர். அவருக்கும் மூச்சு அதே அளவுக்கு மோசம். இருவருக்கும் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை எண்பதைச் சுற்றியே காட்டியது.

பணியில் இருந்த டாக்டர் முதுநிலை மாணவர். என் மகனைவிட இளையவர். "சிஸ்டர், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டு அழைப்புகள். படுக்கை ஒப்பந்தக்காரருக்குப் போனது. விடியும்போது அந்த அம்மாள் போய்விட்டார்.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அழைப்பு வராவிட்டாலும் அவர் இதையே முடிவு செய்திருக்கலாம். படுக்கை கிடைத்திருந்தால் அம்மாள் பிழைத்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மகன் என்னிடம் வந்து, "எங்கள் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று கேட்டான். சண்டைக்கு வரவில்லை, சத்தம் போடவில்லை. எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

வழிகாட்டுதலே இல்லாமல் இருந்தோம் என்று சொல்ல வரவில்லை. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் மிதமான நோய், 90-க்குக் கீழே போனால் தீவிரம் என்று வகை பிரித்துக் கொடுத்திருந்தார்கள். விபத்துப் பிரிவில் அவசர சிகிச்சைக்கான தாய் (TAEI) திட்டம் வந்த பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறோம். இவையெல்லாம் யாருக்குத் தேவை என்று சொல்லும். தேவைப்படுகிற இருவர், இருப்பதோ ஒன்று என்றால் யாருக்கு என்பதை எங்கள் வார்டுக்கு வந்த எந்தத் தாளும் சொல்லவில்லை.

படுக்கை மட்டும் இல்லை, குழாயில் வரும் காற்றும் பங்கீடுதான். ஒரு ஜம்போ சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் போகிறவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் வரும். 15 லிட்டர் முகமூடி போட்டவருக்கு எட்டு மணி நேரம்கூட வராது. ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். முழுக்க ஆக்சிஜனாகவே அந்த வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் அதே அளவு தீர்ந்துவிடும். ஒருவருக்குப் போகும் அந்த 60 லிட்டரில் 5 லிட்டர் வீதம் பன்னிரண்டு பேர் மூச்சு விடலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்த மறுநாள், எங்கள் சுவர்க் குழாயின் அழுத்த முள்ளை அரை மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தோம். 97 காட்டுகிறவருக்கு 10 லிட்டரைக் குறைத்து 6 ஆக்குவேன். அடுத்த சுற்றுக்குள் உறவினர்கள் பழையபடி திருகி வைத்திருப்பார்கள். யாருக்குக் குறைப்பது என்று முடிவு செய்தது என் கை. அந்த அதிகாரத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விதி எழுதாதபோதும் ஒரு விதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதலில் வந்தவருக்கு முதலில். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் முதலில் வருகிறவர் யார்? வீட்டில் கார் இருக்கிறவர், நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர், எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறவர். ரெம்டெசிவிர் மருந்து வாங்கச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இரவெல்லாம் மக்கள் நின்றார்களே, பிறகு நேரு விளையாட்டரங்கத்துக்கு அந்த வரிசை போனதே, அதுவும் இப்படித்தான். மருத்துவமனைகளில் இருப்பவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அந்த மருந்துக்காக, வெயிலில் நிற்கத் தெம்புள்ள உறவினர் இருந்தவர்களே வரிசையில் இடம் பிடித்தார்கள்.

நம் மாநிலத்துக்கு இந்த வேலை தெரியாதது அல்ல. அதுதான் என் ஆதங்கம். ஒரு காலத்தில் நான் டயாலிசிஸ் பிரிவில் இருந்தேன். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகமோ கல்லீரலோ யாருக்குப் போகும் என்பதற்கு 2008 முதல் அரசாணைகள் இருக்கின்றன. இரத்த வகை, பதிவு செய்த நாள், அவசர நிலை என்று வரிசைக்கு விதி இருக்கிறது. அதை நடத்த டிரான்ஸ்டான் என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையம் இருக்கிறது. "நான் எத்தனையாவது, சிஸ்டர்?" என்று நோயாளிகள் கேட்பார்கள், விசாரித்துச் சொல்ல முடியும். வெளிநாட்டவருக்கு இதயங்கள் போகின்றன என்று 2018-இல் புகார் கிளம்பியதே, அந்தக் கேள்வியை யாராலும் கேட்க முடிந்ததற்குக் காரணம் ஒரு பட்டியலும் ஒரு விதியும் இருந்ததுதான். தவறு நடந்தால் கண்டுபிடிக்கவாவது வழி இருந்தது. வராந்தாவில் செத்த அம்மாளுக்கு அதுவும் இல்லை.

எழுதுவதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் அறிவேன். 1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் எந்திரங்கள் சில மட்டுமே இருந்தபோது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்களைக் கொண்ட குழு அமைத்தார்கள். அவர்கள் வேலை, வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகிற பழக்கம் எல்லாம் பார்த்தார்கள். ஊருக்குப் பயன்படுகிறவர் என்று அவர்கள் நினைத்தவருக்கு உயிர் கிடைத்தது. அலபாமா மாநிலம் வெண்டிலேட்டர் பற்றாக்குறைக்கு 2010-இல் எழுதிய திட்டத்தில் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை ஒதுக்கி வைத்திருந்தது. 2020-இல் புகார் எழுந்த பிறகே அது கைவிடப்பட்டது. எழுதியிருந்ததால்தான் புகார் செய்ய முடிந்தது என்பதையும் பாருங்கள். நாம் எழுதும்போது அப்படி எழுதக் கூடாது. இந்தச் சிகிச்சையால் இப்போது பிழைக்க வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்றே அளவுகோலாக இருக்கட்டும். வயதுக்கு ஒரு கோடு கிழித்து அதைத் தாண்டியவர்களை வெளியே நிறுத்தக் கூடாது. ஊனமும் தொழிலும் கணக்கில் வரக் கூடாது. வாய்ப்பு சமமாக இருக்கும் இருவருக்கு இடையே சீட்டுக் குலுக்கிப் போடுவதைக்கூட நான் ஏற்பேன். கேட்கக் கொடூரமாக இருக்கலாம். கைப்பேசி அழைப்பைவிட அது கொடூரம் இல்லை.

முடிவு செய்கிறவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மூத்த மருத்துவர், செவிலியர், மருத்துவமனைக்கு வெளியிலிருந்து ஒருவர் என்று மூவர் முன்கூட்டியே நியமிக்கப்படட்டும். இரவிலும் அவர்கள் கிடைக்க வேண்டும். என்ன காரணத்துக்காக யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பரிந்துரைத்துப் பேசியவரின் பெயரும் அதே பதிவேட்டில் ஏறட்டும். விதிப்படி நடந்த மருத்துவர் பின்னால் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தால், அரசு அவர் பக்கம் நிற்கும் என்பதையும் ஆணையிலேயே சொல்லுங்கள். சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் தந்த தீர்ப்பு, நோயாளி கண்ணியமாக இறப்பது பற்றியது. படுக்கை போதாத இரவுக்கு அதில் விடை இல்லை.

கிடைக்காதவர்களையும் மறந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறலைத் தணிக்க மார்பின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல ஒரு மூத்தவர் வேண்டும். அந்த அம்மாளுக்கு இந்த மூன்றில் ஒன்றையும் எங்களால் கொடுக்க முடியவில்லை. கடைசி அரை மணி நேரம் அவர் மகன் சிலிண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைத் தொற்று வராத காலத்தில்தான் எழுத முடியும். வரைவைத் தமிழில் வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேளுங்கள். குழு அமைப்பதானால் செவிலியர்கள் தரப்பில் பேச நான் வருகிறேன். எனக்குப் பென்ஷன் வருகிறது, பயணப்படி வேண்டாம். அன்றிரவு பணியில் இருந்த டாக்டர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அவரையும் கேட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர் ஒருவர்