கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாதது என் தப்பு. நான் சௌக்கியம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, புளிக்கு மட்டும் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலிருந்து முன்னோர்கள் கப்பலேறி வந்த குடும்பம். தாத்தா, அப்பா, இவர் மூவரும் ஃபிடில், தங்கை பியானோ, பேத்தி ஆடுகிறாள். எல்லாம் கேள்வி ஞானம். 1973இல் இந்தத் தீவில் கிளெண்டேல் என்ற ஊரில் நூறு ஃபிடில்காரர்களுக்கு மேல் ஒரே மேடையில் வாசித்தார்களே, அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்.

ஃபிடில் என்றாலும் நம் வயலின்தான். நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையில் தாளம். முதலில் ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டு, நிறுத்தாமல் அப்படியே ரீல் என்ற வேக மெட்டு. ஸ்ட்ராத்ஸ்பேயில் குறில் ஸ்வரம் முந்தி விழும், நெடில் பின்னால் வரும். அந்த வெட்டுதான் அதன் உயிர். ஸ்வரத்தை அசைக்கும் நம் கமகம் கிடையாது. ஒரே ஸ்வரத்தில் வில்லை மூன்று தடவை படபடவென்று வெட்டுகிறார்கள், ‘கட்’ என்று பெயர். மணிக்கட்டு இறுகினால் மூன்றும் குழம்பிவிடும்.

போன சனிக்கிழமை ஒன்று செய்தார், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கீழ்த் தந்திகள் ஜி, டி இரண்டையும் ச-விலிருந்து சதுஸ்ருதி ரிஷபம் அளவு, அதாவது ஒரு முழு ஸ்வரம், ஏற்றி ஏ, ஈ ஆக்கினார். ஏ-ஈ-ஏ-ஈ. அப்பா, அது நாம் வயலினில் சேர்க்கும் அதே ச-ப-ச-ப! வெறும் தந்தியில் ஒரு வில் இழுத்தார். நம் கூடத்தில் விடியற்காலை நீங்கள் சுருதி சேர்ப்பதுபோலவே இருந்தது. அடுக்களையில் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தமும் சேர்ந்து கேட்காதா என்று காத்திருந்தேன்.

மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தந்தி இழுக்க இழுக்க, அதைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு, தந்தியை முறுக்கும் பிருடைப் பக்கம் சாயும். கையால் நிமிர்த்த வேண்டும். மற்ற இரண்டும் இறங்கிவிடும், திரும்பச் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்தி மரம் சுருங்குவதால் பிருடை வேறு நழுவுகிறது. உள்ளே அழுத்தியபடியே திருப்புகிறார்.

தாத்தா வயலினை விற்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. அக்கா வளைகாப்புக்குப் பணம் அடுத்த மாதம் அனுப்புகிறேன்; இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப்போகிறது, வேறொன்றுமில்லை. தம்பியிடம் சொல்லி வயலினைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் பசை விட்டுவிடும். நாலு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் குச்சி விழுந்துவிடும். கொஞ்சம் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? பட்டா மாற்றச் சித்தப்பா கையெழுத்துப் போட்டாரா? இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகன்