லட்டுக்கு ஒரு படுக்கை

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனை வைத்த பிறகுதான் மணி பார்த்தேன். இங்கே மதியம் 12.30. அப்படியானால் நியூஜெர்சியில் விடியற்காலை 3 மணி. உன் நாய் லட்டு மடியில் இருந்தது. பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை கொட்டாவி விட்டது, மூக்கை நக்கிக்கொண்டே இருந்தது. நீ முகத்தோடு முகம் வைத்தபோது தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

கோமாரி ஊசி போட வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். யார் வீட்டு நாய் என்று சொல்லவில்லை. தூக்கம் வந்தால் மட்டும் நாய் கொட்டாவி விடாதாம். மனசுக்குத் தாங்கவில்லை, கொஞ்சம் விடு என்பதையும் அப்படித்தான் காட்டுமாம். வளர்ந்த நாய் ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டுமாம். ராத்திரியெல்லாம் உன் மடி, பகலெல்லாம் உன் மீட்டிங். அது எப்போது தூங்கும்?

தாத்தா விடியும் முன்பே ஏர் பூட்டினாலும், வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்துவிடுவார். பாதி வயல் மிச்சம் இருந்தாலும் சரி. கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாய்க்கும், பட்டையைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று தெரியும். லட்டுக்குப் பட்டையே இல்லை. நீ எதைக் கழற்றுவாய்?

ஒரு மூலையில் அதற்கென்று படுக்கை போடு. அதில் போய்ப் படுத்தால் தொடாதே. தானாக உன்னிடம் வந்தால் கொஞ்சு, எழுந்து போனால் போக விடு. வெளியே கூட்டிப்போனால் நின்று நின்று மோந்து பார்க்கட்டும், இழுக்காதே.

அபார்ட்மென்டில் அதை வைத்துக்கொள்ள டாக்டர் கடிதம் கொடுத்ததாகச் சொன்னாய். எதற்கு என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. 2021-இல் அமெரிக்காவில் விதி மாறியதிலிருந்து, பயிற்சி பெற்ற சேவை நாய்களைப் போல மன ஆறுதலுக்காக வளர்க்கும் இப்படிப்பட்ட நாய்களையும் விமானத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாமே. நீ சொன்னது சரிதான். அத்தனை மணி நேரம் கூண்டில் அடைத்துக் கூட்டி வா என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் மீனா கல்யாணத்துக்கு நீ வராததை அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு பெரிய கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறாள் என் மகள், லீவு கிடைக்க வேண்டாமா என்று நான்தான் வாயை அடைத்தேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

படுக்கையை வாசல் பக்கம் போடாதே. ஆள் நடக்கிற சத்தத்தில் தூங்காது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ஸ்வீடனில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியையும் எடுத்து, கார்டிசோல் எவ்வளவு என்று பார்த்தார்களாம். மன அழுத்தத்தில் கூடுமே, அதுதான். 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி. வளர்ப்பவளுக்குக் கூடியிருந்தால் நாய்க்கும் கூடியிருந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அப்பா நம்மை விட்டுப் போன வருஷம் உனக்கு ஒன்பது வயது. ராத்திரி அழுகை வந்தால் உன்னை உலுக்கி எழுப்பி மடியில் போட்டுக்கொள்வேன். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டே என் முதுகைத் தடவிக்கொடுப்பாய். வகுப்பில் தூங்கி விழுகிறாய் என்று டீச்சர் சொல்லி அனுப்பியபோது உன்னைத்தான் அடித்தேன். பிள்ளையைத் தூங்க விடுடி என்று ஆச்சி எத்தனையோ தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. ஆச்சியிடம் அழுதிருக்கலாம், ஒரு டாக்டரிடம் போயிருக்கலாம். நீ பக்கத்தில் இருந்தாய், மறுக்கவும் மாட்டாய். அதனால் உன்னையே எழுப்பினேன். தப்பு பண்ணிவிட்டேன் கயல். இத்தனை வருஷமாக இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனிமேல் ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்குப் போன் போடு. உனக்கு 3 மணி என்றால் எனக்குப் பட்டப்பகல், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஒன்றும் பேச வேண்டாம். நான் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன், நீ சும்மா போனைப் பக்கத்தில் வைத்துக்கொள். அந்த டாக்டரிடம் போவதையும் விட்டுவிடாதே.

படுக்கை போட்டதும் லட்டு அதில் தூங்குகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. தள்ளி நின்று எடு, எழுப்பிவிடாதே.

அம்மா