இராப்பலகை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நெத்திலிக் கருவாடும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மகள் பிரசவத்துக்காக வந்திருக்கிறாள். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி முதலில் கேட்டவளும் அவள்தான். எனக்கு மூட்டுவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறேன்.

இராப்பலகை என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். பாம்பனில் இருந்துகொண்டு நீ அதைக் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். இரவில் கடலில் வழி அறிய உதவிய, அரபு மாலுமிகள் கமால் என்று சொன்ன கருவிதான் அது. உள்ளங்கையளவு பலகை, நடுவில் ஒரு துளை, அதில் கோத்த கயிறு, கயிற்றில் சில முடிச்சுகள். வேறொன்றும் கிடையாது. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைப்பாக நிற்கும்படி பலகையை முன்னால் நீட்ட வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொட வேண்டும்; மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார வேண்டும்.

வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும், தெற்கே வர வரத் தாழும். அதனால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. நாகப்பட்டினத்து முடிச்சைக் கடித்திருக்கும்போது நட்சத்திரம் பலகைக்கு மேலே தெரிந்தால் கப்பல் வடக்கே விலகிவிட்டது. பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே வந்துவிட்டது. சரியாக விளிம்பில் நின்றால் நாகையின் நேர்க்கோட்டுக்கு வந்தாயிற்று. இனி மேற்கே பாயைத் திருப்ப வேண்டியதுதான். கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை இந்தப் பலகை சொல்லாது. ஆனால் நம் சோழமண்டலக் கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறதே! நேர்க்கோட்டைப் பிடித்து மேற்கே ஓடினால் கரை எப்படியும் எதிர்ப்பட்டே தீரும். வங்கக்கடலைக் கடந்து வீடு திரும்பியவர்களுக்கு இதைவிட உற்ற துணை எது? இருட்டில் விளக்கு வேண்டாம், எழுதப் படிக்கவும் வேண்டாம். ஊர் எங்கே என்பதை விரலால் தடவியே அறியலாம்.

அரபு மாலுமிகள் நட்சத்திரத்தின் உயரத்தை இஸ்பா என்ற விரல் கணக்கில் சொன்னார்கள். ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை, கடலில் வடக்கு தெற்காகச் சுமார் 178 கிலோமீட்டர். நாகையிலிருந்து சென்னை ஒன்றரை விரல்தான். ஒரு சிக்கலும் இருந்தது: 1500 வாக்கில் இந்த நட்சத்திரம் வானத்தின் வடதுருவத்திலிருந்து மூன்றரைப் பாகை தள்ளி நின்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது சுற்றில் எங்கே நிற்கிறது என்பதை மற்ற நட்சத்திரங்களை வைத்து அறிந்து, அளவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித் போன்றவர்களின் பெரும்புலமை அங்கேதான் இருக்கிறது. இப்போது அந்த விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. நமக்குத் தொல்லை இல்லை.

உன் பேரனுக்கு ஒன்று செய்து கொடு. 8 சென்டிமீட்டர் உயரப் பலகை போதும். பலகையிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டரில் சென்னைக்கு ஒரு முடிச்சு, 42இல் நாகைக்கு, 49இல் உங்கள் பாம்பனுக்கு. தெற்கே உள்ள துறையின் முடிச்சு தள்ளி விழுவதைக் கவனி. நட்சத்திரம் தாழ்ந்தால் பலகையும் கண்ணைவிட்டு விலக வேண்டும் அல்லவா? வடக்கே கடல் பார்த்த கரை நம் பக்கத்தில் அபூர்வம். தீவில் இருக்கும் உங்களுக்கு அது வாய்த்திருக்கிறது. மார்ச் மாதம் வானம் தெளிந்த அந்தியில் போங்கள். அடிவானக் கோடு மறையும் முன்பே பார்த்துவிட வேண்டும், அல்லது நிலவு வேண்டும். சப்தரிஷியின் முன்னிரண்டு நட்சத்திரங்களை இணைத்துக் கோட்டை நீட்டினால் துருவம் அகப்படும். மங்கலாகத்தான் இருக்கும், பொறுமையாகத் தேடச் சொல்.

எந்த முடிச்சில் நட்சத்திரம் விளிம்பைத் தொட்டது என்று பேரனையே எழுதச் சொல். குழந்தை பிறந்ததும் தகவல் அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்