தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

2023 ஜூலை 7, நாம் தாத்தா என்று அழைக்கும் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசனின் பிறந்த நாளன்று கூடிய பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. தெரு முக்கில் இருக்கும் கிணற்றைத் தூர் வாரி, சுவரைச் செப்பனிட்டு, மேலே கம்பிவலை போட்டாயிற்று. பக்கத்தில் படிப்பகமும் எழும்பியிருக்கிறது. 2024 செப்டம்பர் 18, அவருடைய நினைவு நாளில் இரண்டையும் திறந்தோம். திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலையில் இருந்து வர முடியாமல் போன பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கிணறு செப்பனிடுவதைத் திருப்பணி என்று சொல்லலாமா என்று ஆரம்பத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். அந்தச் சொல் கோயிலோடு சேர்ந்தது என்பது சரிதான். கோயிலுக்குக் கல் சுமந்த நம் முன்னோர் உள்ளே போய்க் கும்பிடுவதற்கு 1939இல் சட்டம் வர வேண்டியிருந்தது என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லை இந்தக் கிணற்றுக்கு வைத்தோம்.

சிலை வைக்கலாம் என்று சொன்னவர்களின் ஆசையில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நம் பக்கத்தில் தலைவர்களின் சிலைகளைச் சுற்றி இரும்புக் கூண்டு நிற்பதைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். தாத்தாவைக் கொண்டுவந்து கூண்டுக்குள் நிறுத்த எங்களுக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டதும் சிலை இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர், 1893இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தியவர், தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானதும் 1924இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியாராக இருந்தாலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கலாம், அரசு அலுவலகத்துக்குள் போகலாம் என்பதுதான் அது. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. பிறகு அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அதைப் பலரும் பேசுகிறோம். நம் தெருவுக்கு நெருக்கமானது அந்த 1924 தீர்மானம். அதற்கு நூறு வருஷம் ஆகிறபோது ஒரு கிணற்றைச் சரிசெய்வதே அவருக்குப் பொருத்தமான மரியாதை என்று குழு நினைத்தது.

ஆணை வந்ததும் நம் கிணறு திறந்துவிடவில்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு மேற்குப் பக்கம் தள்ளி நிற்பார்கள். யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால்தான் தண்ணீர். சில நாள் வெயில் ஏறுகிற வரைக்கும் நிற்க வேண்டியிருக்கும். தூர் வாரும்போது அதற்குக் கண்முன்னே சாட்சி கிடைத்தது. கிணற்று விளிம்பில் நாலு பக்கமும் கருங்கல் பாவியிருக்கிறது. கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கக் கல்லிலும் கயிறு அறுத்த பள்ளம் வரிவரியாக இருக்கிறது, சில பள்ளத்தில் சுண்டுவிரல் முழுதாக உட்காரும். மேற்குக் கல் மட்டும் மழமழவென்று இருந்தது. பாசியைச் சுரண்டிவிட்டுத் தடவிப் பார்த்த எங்களில் ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆச்சி நின்ற பக்கம் அது.

பழைய கல்லை எடுத்துவிட்டுக் கிரானைட் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று யோசனை வந்தது. நாங்கள் சம்மதிக்கவில்லை. நாலு கல்லும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

தூர் வார ஆறு நாள் பிடித்தது. சகதி, பிளாஸ்டிக், சுவரில் வேர் விட்டிருந்த அரசங்கன்று எல்லாவற்றையும் எடுத்தோம். அடியில் நசுங்கின பித்தளைக் குடம் இரண்டும் கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் துருப்பிடித்த பாதாளக்கரண்டி ஒன்றும் கிடைத்தன. அவை இப்போது படிப்பகத்தில் இருக்கின்றன. உள்சுவர் முழுவதையும் சிமெண்டால் பூசிவிடலாம் என்றுதான் முதலில் எஸ்டிமேட் போட்டிருந்தோம். வயசான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அடைச்சீங்கன்னா ஊத்துக்கண்ணு மூடிக்கிடும் அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னபடி கீழ்ப்பாகத்தைத் தொடவேயில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே கல் இடுக்குகளில் மட்டும், கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்பு வைத்தோம். சுண்ணாம்பு நீற்றிப் பதமாவதற்குக் காத்திருந்ததில் ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்துக்கு வருத்தப்படவில்லை. மூன்றாம் நாளே ஊற்று பிடித்துக்கொண்டது.

படிப்பகம் முதல் திட்டத்தில் இல்லை. நாம் கூட்டம் போட்டுக் கலைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் படிக்கிற பையன்கள். அன்றைக்கு ராத்திரி நம் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தாத்தா கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றித் தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமே என்று பயந்து யாரோடும் விளையாடாமல், பள்ளிக்கூடத்துக்கு வெளியே புத்தகத்தோடு இருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். நம் பிள்ளைகளுக்கும் கூட்டாளிகளோடு பயமில்லாமல் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று அவசரக் கூட்டத்தில் பேசி, படிப்பகத்தைச் சேர்த்தோம்.

ஒரு பெரிய அறை, ஒரு திண்ணை, நாலு மேஜை. எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே வரக் கூடாது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்வதற்காக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் தந்த அறிக்கையில் பள்ளிகளுக்கு இதையே சொல்லியிருக்கிறது. நம் பையன்களுக்கும் இது பொருந்தும், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஊர்ப்பக்கத்து மற்ற சாதிப் பிள்ளைகள் இப்போதைக்கு நாலைந்து பேர்தான் வருகிறார்கள். வருகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிசு.

கல்வெட்டில் ஒரு பிழை நடந்தது. 1924 என்பதை 1942 என்று வெட்டி அனுப்பிவிட்டார்கள். நாம் எழுதிக் கொடுத்த தாளில் சரியாகவே இருந்தது. ஆனாலும் பட்டறைக்காரர் சும்மா மாற்றித்தர மறுத்துவிட்டார். தேய்த்து மறுபடி வெட்ட 4,500 ரூபாய் கூடுதலானது. கல்லை ஏற்றுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அது எங்கள் கவனக்குறைவு, பொதுக்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. உள்ளூர் உறுப்பினர் நன்கொடை 3,42,500 ரூபாய், வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்பியது 2,18,000, ஆக வரவு 5,60,500. கிணற்றுக்கு 2,31,400, படிப்பகத்துக்கு 2,64,800, கல்வெட்டுக்கு மேலே சொன்னதையும் சேர்த்து 22,000, திறப்பு நாள் சாப்பாடு, மைக்செட் வகையில் 18,300, ஆக செலவு 5,36,500. கையிருப்பு 24,000. இதைப் படிப்பகத்துக்குப் பத்திரிகை வாங்கவும் கரண்ட் பில் கட்டவும் ஒதுக்கலாம் என்பது எங்கள் யோசனை, முடிவு உங்களுடையது. ஆள்கூலி தராமல் நாமே செய்த மண்வேலை இதில் சேரவில்லை. உள்ளூர் வரவில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு ஊருக்கு இறங்கி வந்த பெரியம்மா ஒருவர் முடிச்சவிழ்த்துக் கொடுத்த 5,000 ரூபாயும் உண்டு. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 1999இல் அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்து, போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர் போன அந்த ஊர்வலத்தில் நடந்தவர் அவர்.

திறப்பு நாளில் முதல் வாளியை அவரைத்தான் இறைக்கச் சொன்னோம். கம்பிவலையில் விட்டிருக்கும் கதவைத் திறந்ததும், உருளை இருக்கும் கிழக்குப் பக்கம் கூட்டிப்போனோம். அவர் கையை உதறிவிட்டு மேற்கே சுற்றி வந்தார். உருளை இல்லாமல் வெறும் கயிற்றைக் கல்மேலேயே போட்டு இழுத்தார். பாதி வாளி வழியிலேயே சிந்திவிட்டது. மிச்சத்தை அங்கே நின்ற பிள்ளைகளின் கையில் ஊற்றினார். கயிறு உரசின இடத்தில் கல் நனைந்து கொஞ்ச நேரம் கறுப்பாகத் தெரிந்தது.

மேற்குப் பக்கமும் ஒரு உருளை போட வேண்டும் என்று அன்றைக்கே எல்லோரும் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம். ரசீது வந்துசேராதவர்கள் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். செலவுச் சீட்டுகள் அனைத்தும் படிப்பக அலமாரியில் இருக்கின்றன, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு